உறுதி எங்கட பேரில, அடுப்பு அவங்கட பேரில



நீண்ட பதிவு. வீடு வாங்க இருப்பவர்கள், விற்க இருப்பவர்கள், இரண்டுக்கும் நடுவில் நின்று பேசிக் கொடுப்பவர்கள் மூன்று தரப்பும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் ஏழாம் தரத்தில் இரண்டு பிள்ளைகள். போன வருடம் வரை ஒரே வாங்கு, ஒரே சைக்கிள். இப்போது ஒருவர் முன் வரிசையில், மற்றவர் கடைசி வரிசையில். கேட்டால் இருவரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பிறகுதான் விசயம் தெரியவந்தது. ஒருவரின் வாப்பா தன் வீட்டை மற்றவரின் வாப்பாவுக்கு விற்றிருக்கிறார். உறுதி முடிந்து ஐந்து மாதம். இன்னும் எழும்பிக் கொடுக்கவில்லை. போன கிழமை கேற்றடியில் சத்தம் போட்டு, பக்கத்து வீட்டார் விலக்கிப் பிடித்து, பொலிஸில் முறைப்பாடு வரை போயிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பள்ளியில் ஒரே சப்பில் தொழுகிறவர்கள்.

யாரில் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. எங்களுக்கும் இது நடந்திருக்கிறது. நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். எழுதுவது ஒருவர் என்றாலும் சொல்வது இருவரும்தான்.

சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் ஒரு வீடு வாங்கினோம். பன்னிரண்டு பேர்ச் வளவு, மூன்று அறை, பின்னால் சின்னதாக ஒரு பழைய வீடு. நகை, சீட்டுக் காசு, கட்டாரில் இருக்கும் மச்சானிடம் கைமாற்று எல்லாம் சேர்த்துத்தான் விலை தேறியது. ஓகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை நொத்தாரிசிடம் போய் உறுதி முடித்தோம். முழுக் காசையும் அன்றே எண்ணிக் கொடுத்தோம். வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போது அந்தக் காக்கா சொன்னார்: "சேர், புது வீட்டுக் கூரை வேல மட்டும்தான் மிச்சம். ஒரு மாசம் தாங்க. இன்ஷா அல்லாஹ் செப்டம்பர் கடைசில சாவி உங்கட கையில."

நாங்கள் சொன்னோம்: "பரவால்ல காக்கா."

அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் ஒன்பது மாதம் விலை கொடுத்தோம்.

செப்டம்பர் போனது. ஒக்டோபரில் ஓடு வரவில்லை என்றார். நவம்பரில் மாரி தொடங்கிவிட்டது. மேசன் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு தடவை போகும்போதும் தேத்தண்ணி தருவார்கள், நாங்களும் குடித்துவிட்டு வருவோம். எங்கள் சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, எப்போது போகிறீர்கள் என்று கேட்க வெட்கப்பட்டுத் திரும்புவது எவ்வளவு விசித்திரமானது என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் வளவுக்குள் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். "அது யாருடைய தேங்காய்?" என்று இரவு முழுக்க நாங்கள் இருவரும் வாதாடினோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை.

எங்கள் வாடகை வீட்டுக்காரருக்கு மகளின் கலியாணம். ஒக்டோபர் முடிவில் வீடு வேண்டும் என்று முன்னரே சொல்லியிருந்தார். அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள்தான் அவருக்கு, "செப்டம்பரிலேயே போய்விடுவோம்" என்று வாக்குக் கொடுத்தவர்கள். ஆக, எங்களுக்கு ஒருவர் தாமதித்ததால் நாங்கள் இன்னொருவருக்கு வாக்குத் தவறியவர்களானோம். சாமான்களை மூன்று இடத்தில் பிரித்துப் போட்டுவிட்டு உம்மாவின் வீட்டில் போய் ஒதுங்கினோம். அந்த வருடம் மூத்த மகளுக்கு சாதாரண தரப் பரீட்சை. இரவில் எல்லாரும் படுத்த பிறகு குசினி மேசையில் உட்கார்ந்துதான் அவள் படித்தாள்.

கட்டாரிலிருந்து மச்சான் கோல் எடுத்துச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் படிப்பிச்சுப் படிப்பிச்சு மெதுவாப் போயிட்டீங்க. உறுதி கையில இருக்கு. பூட்ட உடைச்சு உள்ள போங்க. கரண்ட வெட்டுங்க." எங்களுக்கும் அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய்.

நல்ல வேளை, முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் சொன்னதை ஊரார் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம். அதன் 66ஆம் பிரிவு. காணி, வீடு சம்பந்தமாகச் சமாதானம் குலையும் நிலை வந்து பொலிஸ் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், அங்கே உறுதி யாருடையது என்று தீர்மானிப்பதில்லை. யாருடைய கையில் அந்த இடம் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே விடும்படி கட்டளை வரலாம். அதாவது முழுக் காசு கொடுத்து, உறுதியும் வைத்திருக்கும் நாங்கள் பூட்டை உடைத்தால், நீதிமன்றத்தில் நாங்கள் குற்றவாளி மாதிரி நிற்போம். அவர் மறுபடி அதே வீட்டில் குடியிருப்பார். கரண்டை வெட்டுவது, தண்ணீரை மூடுவது எல்லாம் இதே பாதைக்குத்தான் கொண்டுபோகும்.

அதற்காக விற்றவர் பக்கம் சட்டம் என்று அர்த்தமில்லை. நமது நாட்டில் விற்பனைக்குப் பொருந்துகிற உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, விற்றவர் உறுதியில் ஒப்பமிட்டால் மட்டும் போதாது. வீட்டை ஆளில்லாமல் ஒழித்துக் கையளிப்பதும் அவருடைய கடமை. அதைச் செய்யாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு எழுப்பலாம், நட்டமும் கேட்கலாம். ஆனால் காணி வழக்கு எத்தனை வருடம் இழுபடும் என்று நமது ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டத்தரணியே சிரித்துக்கொண்டு கேட்டார்: "சேர், எழும்புற திகதிய எங்கயாவது எழுதினீங்களா?"

எழுதவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல். அந்த வீட்டுக்காரியின் வாப்பா. பின்னால் இருந்த சின்ன வீட்டில்தான் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். எங்கள் கிழக்குக் கரையில் வழமை எப்படி என்று தெரியும்தானே. மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் வளவின் பின்பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் வாங்கிய வீட்டின் உறுதியும் காக்காவின் பெயரில் இல்லை, அவர் மனைவியின் பெயரில்தான் இருந்தது. விலை பேசியது காக்கா. ஒப்பமிட்டது அந்தப் பெண். பின் வீட்டில் இருந்த இரண்டு முதியவர்களிடம் யாருமே எதுவும் பேசவில்லை.

ஜனாஸாவுக்குப் போனோம். எங்கள் பெயரில் உறுதியுள்ள வளவில், எங்கள் பெயரில் உள்ள வீட்டின் முன்னால், கதிரை போட்டு வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தோம். பெண்கள் பக்கம் போனபோது அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். பிறகு சொன்னாராம்: "டீச்சர், வீட்ட விக்கக்குள்ள எங்க உம்மாவும் வாப்பாவும் எங்க போறதென்டு ஒருத்தரும் கேக்கல்ல. புது வீட்டுல அவங்களுக்கு ஒரு அறை இல்லாம நான் எப்படி எழும்புற?"

அதுதான் உண்மையான காரணம். ஓடும் இல்லை, மேசனும் இல்லை. நாலு மாதமாக எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் சாட்டுத்தான். சொல்ல வெட்கப்பட்ட காரணம் வேறாக இருந்தது. புது வீடு மூத்த மகளுக்காகக் கட்டியது. அதில் முதியவர்களுக்கு அறை கட்டக் காசு போதவில்லை.

இப்போது மூதாட்டி இத்தாவில். நான்கு மாதமும் பத்து நாளும். கணவர் மௌத்தான வீட்டில் இருந்துதான் இத்தா இருக்க வேண்டும். எங்களில் யாருக்கு வாய் வரும், எழும்புங்கள் என்று சொல்ல?

ஏழாம் நாள் கத்தம் முடிந்த பிறகு பள்ளி இமாமும் ஒரு மரைக்காயரும் எங்களையும் காக்காவையும் உட்கார வைத்தார்கள். முதல் தடவையாக ஒரு தாள் எடுத்து எழுதினோம். இத்தா முடியும் திகதி. அதற்குப் பிறகு ஒரு கிழமை. அந்தத் திகதியில் சாவி. அதுவரை மாதம் எவ்வளவு தருவார்கள் என்ற தொகை. கரண்ட் பில், தண்ணீர் பில் யார் கட்டுவது. கிணற்று மோட்டர் இருக்குமா, கழற்றுவார்களா. தேங்காய் அவர்களுக்கே என்றும் எழுதினோம், இமாம் சிரித்துவிட்டார். காக்கா ஒப்பமிட்டார், அவர் மனைவியும் ஒப்பமிட்டார், இரண்டு சாட்சிகள்.

எழுதிய திகதிக்கு இரண்டு நாள் முன்னரே சாவி வந்தது. மோட்டர் இருந்தது. பின் வீட்டைக் கூட்டித் துடைத்திருந்தார்கள்.

சாவியைத் தரும்போது காக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "சேர், நீங்க அன்டைக்கு பரவால்ல என்டு சொன்னீங்க. உங்களுக்கு அவசரமில்ல என்டு நினைச்சன். வாடகை வீட்ட விட்டு எழும்பினது எனக்குத் தெரியவே தெரியாது."

நாங்கள் சொல்லவே இல்லை. ஒன்பது மாதமும் அவர் தேத்தண்ணி தந்தார், நாங்கள் குடித்தோம், பின்னால் போய் உறவினர்களிடம் அவரை ஏசினோம். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விசயத்தை அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். நமது ஊர்களில் வீடு விற்றவர்கள் எழும்பத் தாமதிப்பது பெரும்பாலும் கெட்ட மனத்தால் அல்ல. காணி விலையை நாள்கணக்காகப் பேசுகிறோம், எழும்புவதைப் பற்றி ஓட்டோவில் ஏறும்போது பேசுகிறோம். முழுக் காசையும் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வாய்ச்சொல்லில் விட்டுவிடுகிறோம். தாராள மனதோடு தவணை கொடுப்பது நல்ல பழக்கம்தான். அதை எழுதாமல் கொடுப்பதுதான் பிறகு பகையாகிறது.

இதில் மார்க்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் "எழுதினா நம்பிக்கை இல்லை என்ட மாதிரி" என்று சொல்கிறவர்கள் நம்மில் அதிகம். சூரா பகராவின் 280ஆம் வசனம் கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. ஒரு வசனம் தள்ளி 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை அவநம்பிக்கை என்கிறோம்.

விற்ற பிறகு விற்றவர் கொஞ்ச நாள் அதைப் பயன்படுத்துவது கூடுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் ஒரு பயணத்தில் தன் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களுக்கு விற்றுவிட்டு, மதீனா போய்ச் சேரும் வரை அதில் ஏறி வந்த சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அதை வைத்து, காலம் குறிப்பிட்டு அப்படி நிபந்தனை இடலாம் என்பது ஹன்பலி மத்ஹபின் நிலைப்பாடு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இது இறுக்கமானது. அதனால் எங்கள் இமாம் சொன்ன வழி: விற்பனை தனியாக முடியட்டும்; அதன் பிறகு குடியிருப்பதற்கான உடன்பாடு தனியாக இருக்கட்டும். அப்படித் தரும் காசு வட்டியாகாதா என்று காக்காவும் கேட்டார். கொடுத்த கடனுக்கு மேல் தாமதக் காசு வாங்குவது வேறு, ஒருவருடைய வீட்டில் இருப்பதற்குக் கூலி கொடுப்பது வேறு என்று இமாம் விளங்கப்படுத்தினார். உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் வாடகை என்று போடுவதா, தற்காலிக அனுமதி என்று போடுவதா என்பதில் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆகவே அந்த ஒரு சொல்லைச் சட்டத்தரணி எழுதட்டும்.

வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஆலோசனை: முழுக் காசையும் உறுதி நாளில் கொடுக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது சாவி வாங்கும் நாளுக்கு நிறுத்துங்கள். ஆனால் இதில் விற்கிறவருக்கும் ஒரு பயம் உண்டு, அது நியாயமான பயம். உறுதியில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாகத்தான் எழுதப்படும். ஒப்பமிட்ட பிறகு மிச்சத்தை நீங்கள் தராவிட்டால் அவர் எங்கே போவார்? அதனால் நிறுத்திய காசு உங்கள் பையில் இருக்கக்கூடாது. இரண்டு பேரும் நம்பும் மூன்றாமவரிடம், சட்டத்தரணியிடமோ பள்ளி நம்பிக்கையாளர் சபையிடமோ, தனி எழுத்தோடு இருக்கட்டும். சாவி வந்ததும் காசு போகட்டும். இது இரண்டு பக்கத்தையும் காப்பாற்றும்.

காணி விற்பனை, எழுத்தில், நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு நடக்காவிட்டால் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து இருக்கிற விதி. அதற்காக நூறு வருடத்துக்கு மேலாக வரிசையில் நிற்கிறோம். எழும்பும் திகதிக்கு மட்டும் ஓட்டோச் சத்தத்தில் ஒரு இன்ஷா அல்லாஹ். அந்த வார்த்தையை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று நமக்கே வெட்கம் வரவேண்டும். உறுதி காணிப் பதிவகத்தில் பதிவாகிவிட்டதா என்றும் தாமதிக்காமல் விசாரியுங்கள். வீடு இன்னொருவர் கையில் இருக்கும்போது பதிவும் இல்லாமல் கிடப்பது நல்லதல்ல.

ஆசிரியர்களாக இன்னொன்றையும் பார்க்கிறோம். முதலாம் தர அனுமதி நேர்முகப் பரீட்சைக்கு வரும் சில பெற்றோரின் கையில் பாடசாலைக்குப் பக்கத்து வீட்டின் உறுதி இருக்கும். குடியிருப்பதோ வேறெங்கோ. வாக்காளர் இடாப்பில் பழைய முகவரி, கரண்ட் பில் விற்றவரின் பெயரில். வசிப்பிடத்தைப் பார்க்கப் போகும்போது உள்ளே வேறு குடும்பம். உறுதியைக் காட்டிக் காட்டி அந்தத் தகப்பன் அழாத குறையாகப் பேசுவார். எங்களால் என்ன செய்ய முடியும்? புள்ளி வசிக்கிறவருக்குத்தான். ஒருவர் எழும்பப் பிந்தினால் இன்னொருவரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்பதே மாறிவிடும் என்பதை விற்கிறவர்கள் யோசிப்பதில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்வதும் இல்லை.

விற்கிறவர்களுக்கு: போக இடம் தயாராகும் முன் வீட்டை விற்க வேண்டிய நிலை வரலாம். கூரைக்கு ஓடு வாங்கவே பழைய வீட்டை விற்கிறவர்கள் உண்டு. அப்படியென்றால் ஒரு மாதம் என்று சொல்லாதீர்கள். ஆறு மாதம் என்றே சொல்லுங்கள். விலையில் கொஞ்சம் குறையும், அல்லது அந்த வாங்குநர் போய் இன்னொருவர் வருவார். மறைத்துச் சொல்லும் ஒரு மாதத்தைவிட அது நல்லது. அதோடு, வீட்டில் உள்ள பெண்களிடமும் முதியவர்களிடமும் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். வாங்குகிறவர்களும் அப்படித்தான், காக்காவோடு கைகொடுத்தால் போதாது. குசினிப் பக்கம் போய், "நீங்க எல்லாரும் எங்க போறீங்க? எப்ப வசதி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் ஓகஸ்டில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், பின் வீட்டை மட்டும் அந்த முதியவர்களுக்கு ஒரு வருடம் விட்டுவிட்டு முன் வீட்டில் குடிவந்திருப்போம். மகள் தன் அறையில் படித்திருப்பாள். அந்தப் பெரியவரும் நிம்மதியாகக் கண்மூடியிருப்பார். இது இன்னும் எங்கள் மனதில் கிடக்கிறது.

நம்பிக்கையாளர் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி அலுவலகத்தில் நிக்காஹுக்குக் கடிதம் உண்டு, ஜனாஸாவுக்குப் பதிவு உண்டு. வீடு கைமாறுவதற்கும் ஒரு தாள் மாதிரி அடித்து வையுங்கள். எழும்பும் திகதி, அதுவரை மாதாந்தத் தொகை, மீற்றர் வாசிப்பு, கழற்றக்கூடாத சாமான்கள், இரண்டு பக்கத்து ஒப்பம். ஊரில் உள்ள சட்டத்தரணி ஒருவர் ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். பிறகு அது பிணக்காகி மத்தியஸ்த சபைக்குப் போனாலும், அங்கே காட்ட கையில் ஒன்று இருக்கும்.

அந்த இரண்டு பிள்ளைகளின் வாப்பாமாருடனும் தனித்தனியாகப் பேசிவிட்டோம். விற்றவரிடம், "உண்மையான தடங்கல் என்ன?" என்று மட்டும்தான் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது, ஆனால் அவர் கேற்றடியில் சொன்ன காரணம் அதுவல்ல. வாங்கியவர் பொலிஸ் முறைப்பாட்டை ஒரு கிழமைக்கு நிறுத்தி வைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு இரண்டு பேரும் பள்ளி அலுவலகத்துக்கு வருகிறார்கள். தாளும் பேனையும் நாங்கள் கொண்டுபோகிறோம்.

துஆச் செய்யுங்கள்.